கடைசி வீட்டின் எக்ஸாஸ்ட் ஃபேன்

டில்லி அழைத்தபோது நான் அடையாறில், எங்கள் கல்லூரி நூலகத்தில் வேலையில் இருந்தேன். டில்லி எங்கள் குடியிருப்புக்கு வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியன். நாம் அழைத்தால்கூட எடுக்காதவர் தானாக அழைக்கிறார் என்றால் ஏதோ இருக்க வேண்டும் என்று தாழ்வாரத்துக்கு வந்து எடுத்தேன்.

“மேடம், நம்ம சகாயம் சார் பூட்டாரு. இங்க குப்பத்தாண்ட மீன் வாங்க வந்தாரு. மீனு வெட்டிக்கினு கீறாங்க, இவரு என்னாண்ட ட்ரில் பிட்டு பத்தி பேசிக்கினு கீறாரு. அப்டியே குந்திட்டாரு. ஆட்டோல போட்டு இட்டுகினு போனோம். டாக்டர் பாத்துட்டு இல்லன்ட்டாரு.”

நொச்சிக்குப்பத்துச் சாலையோரத்தில் மீன் வாங்க நின்ற இடத்தில்கூட மனிதர் ட்ரில் பிட்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். அதில் எனக்கு வியப்பில்லை. அவர் மனைவி ரோசலின் அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், மருத்துவமனைக்கு வந்துவிட்டார் என்றார் டில்லி. கைபேசியை அணைத்த பிறகு எனக்கு வந்த முதல் எண்ணம், முதல் மாடியில் அவர் வீட்டுச் சுவரை இன்னும் உடைக்கவில்லையே என்பதுதான். துக்கம் அதற்குப் பின்னால் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

சகாயம் சாரை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணம் விநோதமாகத் தோன்றாது. அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறச் சந்தொன்றில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. தரைத்தளம் வண்டிகளுக்கு, மேலே நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. சார் முதல் மாடி, நான் அவருக்கு நேர் மேலே. அரசு அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எங்கள் சங்கத்தின் செயலாளர். அலுவலகத்தில் யாரும் முழுதாகக் கேட்காத விதிகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்து எங்கள் எட்டு வீடுகளின் தலையில் இறக்கினார் என்பது என் கணிப்பு. “விதின்னா எல்லாருக்கும் விதி. ஒருத்தருக்கு மட்டும் தளர்த்தினா அதுக்குப் பேர் தயவு” என்பார். இதை அவர் சொல்லாத கூட்டத்துக்கு நான் போனதில்லை.

நான் வீடு வாங்கி வந்த வருடம் குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்க தி. நகர் போவதாகத் தெரியாத்தனமாகப் படிக்கட்டில் சொல்லிவிட்டேன். தனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி உடன் வந்தார். அப்படி ஒரு வேலை இல்லை. நான் இணையத்தில் படித்து, எட்டு அங்குலம், உலோக உடல், நல்ல வேகம் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “உங்க பாத்ரூம் நாலு பேர் நிக்க முடியாத பாத்ரூம். ஆறு இன்ச் போதும். கடல் இந்தா இருக்குது, இரும்பு வாங்கினா ரெண்டு மழைக்குள்ள துருப்பிடிச்சு துண்டுல கறை விழும். பிளாஸ்டிக் எடுங்க.” அதோடு விட்டாரா என்றால் இல்லை. கடைக்காரப் பையன் பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததையெல்லாம் ஓடவிடச் சொல்லி, ஒவ்வொன்றின் முன்னாலும் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

“சார், பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்க” என்றார் கடைக்காரர்.

“பொண்ணு பாக்கறது ஒரு நாள் கூத்துப்பா. இது தெனம் தலைக்கு மேல கத்தும்.”

ஆறு அங்குலப் பிளாஸ்டிக்கோடு வீடு திரும்பினேன். இன்றுவரை சத்தமில்லாமல் ஓடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சத்தமில்லாமல் ஓடியதே தவிர, தொடக்கத்தில் அது எதையும் இழுக்கவில்லை. குளித்து முடித்தால் கண்ணாடியில் நீராவி அப்படியே நிற்கும், மேல்கூரையில் கறுப்புப் பூஞ்சை. தவறான ஃபேன் என்று நான் சொன்னது எப்படியோ கீழே போய்ச் சேர்ந்து, மாலையில் ஒரு மெல்லிய காகிதத் தாளோடு வந்து நின்றார். காகிதத்தை ஃபேன் முன்னால் பிடித்தார். அது அசையாமல் தொங்கியது. பிறகு கதவைத் திறந்துவைத்துப் பிடித்தார். காகிதம் ஃபேனில் போய் ஒட்டிக்கொண்டது. கரப்பான்பூச்சி வராமலிருக்க நான் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தேன். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் ஒட்டியிருந்தார்கள். “உள்ள காத்து வர வழியே இல்லாம வெளிய எதைம்மா தள்ளும்? ஃபேனைக் குத்தம் சொல்லாதீங்க, கதவைப் பாருங்க.” சரிதான். ஆனால் அதைக் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில், இரண்டாவது மாடிக் கதவின் படத்தோடு, எட்டு வீட்டுக்கும் அறிவிக்க வேண்டிய தேவை இல்லை. பட்டையை எடுத்த வாரமே கரப்பான் வந்துவிட்டது என்று புகார் சொன்னேன். “நல்ல காத்தோட்டம்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு” என்றார்.

எல்லா வீட்டு ஃபேன்களையும் சுத்தம் செய்ய வைத்தது இன்னொரு தொல்லை. கோடை தொடங்கும்போது ஒருமுறை, மழைக்கு முன்னால் ஒருமுறை. குரல் செய்தி வரும். மெயினை அணைத்துவிட்டு, இறக்கைகளைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்து, பின்புறத் தகடுகள் மூடித் திறக்கின்றனவா என்று விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். செய்ததாகச் சொன்னால் நம்பமாட்டார். பழைய பல் துலக்கியோடு வந்துவிடுவார். மூன்றாம் மாடி அலமேலு மாமி ஒருமுறை கதவைப் பாதி திறந்துகொண்டு, “எங்காத்துக்கு வரவா எல்லாரும் சுவாமி உள் எங்கேன்னு கேப்பா. நீர் ஒருத்தர்தான் பாத்ரூம் எங்கேன்னு கேக்கறேர்” என்று சொன்னது படிக்கட்டு முழுக்கக் கேட்டது. சார் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். தகட்டிடுக்கில் பஞ்சு பஞ்சாகத் தூசி எடுத்து மாமியிடமே காட்டினாராம்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடிய தொல்லைகள். பொறுக்க முடியாமல் போனது டக்ட் விவகாரத்தில்தான். எங்கள் குளியலறைக் குழாய்கள் இறங்கும் குறுகலான நடு இடைவெளியை டக்ட் என்போம். கட்டடத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த வருடம், வெளிச்சுவரில் யாரும் துளை போடக் கூடாது, எல்லா எக்ஸாஸ்ட் ஃபேனும் டக்டுக்குள்தான் காற்றை விட வேண்டும் என்று சார் ஒரு விதி கொண்டுவந்தார். நாங்களும் கை தூக்கினோம். காலையில் எட்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள். ஒருவர் வீட்டு நீராவியும் நாற்றமும் அடுத்தவர் வீட்டுக்குள் தள்ளப்பட்டன. நான்காம் மாடியில் சிகரெட் பிடித்தால் என் துண்டில் மணக்கும். டக்டின் அடியில் வெயிலே படாமல், புறா எச்சமும் ஈரமும் சேரும் இடத்தை ஒட்டியிருந்தது சாருடைய குளியலறை.

அவர் மனைவி ரோசலின் அக்காவுக்கு ஆஸ்துமா.

ஒருநாள் காலை தண்ணீர் லாரி விஷயமாகக் கீழே போனேன். நடையில் குளியலறைக் கதவு ஒருசாண் திறந்திருந்தது. அதற்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்து, சார் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அங்கேயே நிற்கும்படி கையைக் காட்டினார். உள்ளே அக்கா குளித்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது, திறந்து வைத்தால் யாராவது வந்துவிடுகிறார்கள். அதனால் தினமும் இவர் காவல். உள்ளேயிருந்து இருமலுக்கு நடுவே குரல் வந்தது: “யாருங்க அது? லைப்ரரி அம்மாவா? நீயே சொல்லும்மா, எட்டு வீட்டுக்காரங்க குளிச்ச காத்துல நான் குளிக்கறேன்.”

அன்று நான் சொன்னேன்: “சார், பக்கத்துச் சந்து பக்கம் உங்க பாத்ரூமுக்கு வெளிச்சுவர் இருக்கு. டில்லியைக் கூப்பிட்டு ஒரு துளை போடுங்க. ஒரு காலை வேலை. யாரும் கேக்க மாட்டாங்க.”

“கேக்க மாட்டாங்க. அதான் பிரச்சினை” என்றார். “விதி போட்டவனே ஒடைச்சா நாளைக்கு நான் எந்த வாயால பேசறது?”

“அப்ப விதியை மாத்துங்க.”

“மாத்தணும். பொதுக்குழு கூட்டணும்.”

பொதுக்குழு என்று அவர் சொன்ன எட்டுப் பேரும் கோடை விடுமுறையில் சிதறிக் கிடந்தோம். எல்லோரும் திரும்பும்வரை காத்திருந்தார். அக்காவும் காத்திருந்தார். ஒருவழியாக மொட்டைமாடியில் கூட்டம் நடந்தது. நான்காம் மாடி கார்த்திக், “அங்கிள், இதுக்கெல்லாம் மீட்டிங்கா? குரூப்ல ஒரு வோட்டிங் போட்டா முடிஞ்சுது” என்றான்.

“குரூப்ல கட்டைவிரல் காட்டறவன் நாளைக்கு அது என் வெரலே இல்லம்பான். கையைத் தூக்கு தம்பி.”

“வெளிச்சுவர்ல ஓட்டை போட்டா மழை ஜலம் உள்ள வராதோ?” என்று மாமி கேட்டார். துளையை வெளிப்பக்கம் சரிவாக வெட்ட வேண்டும், மேலே ஒரு மூடி, இடுக்கில் சிலிக்கான் என்று சார் விளக்கத் தொடங்கி, இருட்டியும் நிறுத்தவில்லை. தன் மனைவியின் மூச்சைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். “அது பொருள்நிரல்ல இல்லம்மா” என்று என்னை உட்கார வைத்தார். தீர்மானம் நிறைவேறியது.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த நாள் வரிசை அறிவித்தார். நான்காம் மாடியிலிருந்து கீழே இறங்கி வருவதாம். மேலே உடைக்கும்போது சிமென்ட்டும் செங்கல் தூளும் கீழே புதிதாகப் போட்ட ஃபேனில் விழும் என்பது அவர் காரணம். டில்லி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார், ஒரு நாளுக்கு ஒரு வீடு, மழை வந்தால் அதுவும் இல்லை. எட்டாவது வீடு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

“ஒரு சாக்கைக் கட்டி மூடினா தூசி விழாது சார்” என்றேன்.

“சரிதான். ஆனா செயலாளர் வீட்டுக்குத்தான் மொதல்ல போட்டாங்கன்னு ஒரு பேச்சு வரும்.”

“வரட்டுமே.”

“உங்களுக்கு வரட்டும். எனக்கு வரக்கூடாது.”

என் வீட்டில் வேலை முடிந்ததும் அக்காவை மேலே வந்து குளிக்கச் சொன்னேன். ஒருநாள் வந்தார். என் வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். “படி ஏறினா மூச்சு வாங்குது, ஏறாம குளிச்சா மூச்சு முட்டுது. எது கம்மின்னு பாத்துக்கினு கீறேன்” என்று சிரித்தார். மறுநாள் வரவில்லை. அந்த வாரமே குளியலறையில் மூச்சடைத்துச் சாய்ந்துவிட்டார். சாரும் நானும் சேர்ந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். மருத்துவமனையில் அக்காவின் முகத்தில் ஆவி பிடிக்கும் கருவியை மாட்டியிருந்தார்கள். வெளியே பெஞ்சில் சார் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் சத்தம் போடுகிற பழக்கமில்லாதவள். அன்று ஒரே வாக்கியம்தான் சொன்னேன்: “சார், உங்க விதி உள்ள போய் அக்காவுக்குப் பதிலா மூச்சு விடுமா?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “இந்த ஞாயித்துக்கிழமை இரண்டாம் மாடி இன்னொரு வீடு முடிஞ்சிரும்மா. அப்புறம் கீழதான்.”

அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை, கோபம் இரண்டுமே அந்தப் பெஞ்சில் உச்சத்துக்குப் போயின. எது எதைவிட அதிகம் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. அதற்கடுத்த ஞாயிறு டில்லியின் தங்கை வீட்டு விசேஷம். வேறு ஆள் கூப்பிடலாம் என்றேன். மற்ற வீட்டுக்கெல்லாம் ஒருவர், தன் வீட்டுக்கு மட்டும் வேறொருவரா என்று கேட்டார். நான் படியேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அதன்பின் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. மற்ற வீடுகளெல்லாம் முடிந்து, கீழ்வீட்டுக்குப் போட வேண்டிய கடைசித் துளைக்கான ட்ரில் பிட்டைப் பற்றித்தான் குப்பத்துச் சாலையில் டில்லியிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாந்தோம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து வீடு திரும்பினோம். அக்காவுக்காக வாங்கிய ஃபேன் பிரிக்காத பெட்டியாகக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. அதே ஆறு அங்குலம், பிளாஸ்டிக். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், மெழுகுவர்த்திப் புகை, பூ வாசனை. அக்கா சன்னல் ஓரத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே இரண்டு இரவும் கழித்தார் என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை டில்லி வந்து வாசலில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. பையில் ட்ரில் இருந்தது.

சாரின் மூத்த சகோதரி, ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர், எழுந்து வந்தார். “இன்னாப்பா இது? முப்பதாம் நாள் பூசை முடியாம துக்க வீட்டுச் சுவத்துல சுத்தியல் வைக்கறதா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்ல.”

டில்லி பையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “சரி ஆயா. அப்பால வரேன்.”

எனக்கு வந்த சலிப்பை எழுத்தில் வைக்க முடியாது. ஒரு விதி போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே வேறொன்று வந்து வாசலில் நிற்கிறது. ஆனால் அது என் வீடில்லை. பேசுவதா வேண்டாமா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, சன்னலோரத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. மூச்சு விட்டு விட்டுத்தான் பேசினார்.

“அண்ணி, அவரு இருக்கச்ச அவரு சட்டம். நான் கேட்டுக்கினேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல. இப்ப உங்க சட்டத்துக்கும் நான் மூச்ச அடக்கிக்கினு குந்தினு இருக்கணுமா? டில்லி, நீ உள்ள போ.”

“ஊரு என்னா சொல்லும் ரோசலின்?”

“சொல்லட்டும். ஊரு வந்து நம்ம பாத்ரூம்ல குளிக்கப் போறதில்ல.”

அந்தப் பெரியவர், சார் படத்தின் முன்னால் இருந்த மெழுகுவர்த்தியையும் பூவையும் எடுத்துக்கொண்டு போய், தூசி படாமல் உள்ளறையில் வைத்தார். அதுதான் அவருடைய சம்மதம். டில்லி உள்ளே போய் வேலையைத் தொடங்கினார். ஒருமுறை சுவருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, “சரிவு பத்தல. திட்டுவாரு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி வெட்டினார்.

மறுநாள் காலை அக்கா துணையிருக்க என்னைக் கூப்பிட்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனார், கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் ஓசையும் ஃபேன் ஓடும் மெல்லிய ஓசையும் மட்டும் வந்தன. இருமல் வரவில்லை. தலையில் துண்டோடு வெளியே வந்து எதிரே உட்கார்ந்தார். நன்றாக இருந்ததா என்று கேட்டேன்.

“மூச்சுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லா இழுக்குது” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனா ஒண்ணுமே காதுல விழல. தெனம் விலைவாசி, ஆக்சிடெண்டு, கிரிக்கெட்டுனு வாசிச்சுக்கினே இருப்பாரு. எப்படா நிறுத்துவாருன்னு இருக்கும்” என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை. இந்த முறை காரணம் ஆஸ்துமா இல்லை.

இத்தகைய அஞ்சலிக் கட்டுரைகளில் மறைந்தவரிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டோம் என்று சொல்வது வழக்கம். என்னிடம் இருப்பது முடியாமல் நிற்கும் ஒரு சண்டை. நேர்மையான மனிதர் அவர். எட்டு வீட்டுக்கும் நல்ல காற்று வர அவரே காரணம். ஆனால் அந்த நேர்மைக்கான விலையைத் தன் மனைவியின் நெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அது தவறு என்று அன்று சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அவர் இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு மாலையில் படியேறி வந்து, வாசலில் நின்று, ஒவ்வொரு வரியாக மறுத்திருப்பார். நானும் விட்டிருக்க மாட்டேன். இப்போது நான் என்ன எழுதினாலும் அப்படியே நின்றுவிடுகிறது. எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது அதுதான்.